வளர்பிறையா, தேய்பிறையா?

மாலை ஆறு மணிக்குக் கரியாஹாட் நாற்சந்தியில் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு, இரைச்சல் என்றால் என்ன என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேம்பாலத்தின் மேலே மோட்டார் வண்டிகளின் ஓட்டம். பாலத்தின் கீழே ஆட்டோக்காரர்களின் கூப்பாடு. நடைபாதையின் இருபுறமும் புடைவை, வளையல், சீப்பு, செருப்பு என்று பரப்பி வைத்து விற்பவர்களின் அழைப்பு. நம் ஊர்த் திருவிழாக் கடைத்தெரு ஆண்டுக்கு ஒருமுறை வரும். இங்கே அது நாள்தோறும் வருகிறது.

அந்த அமளியைத் தாண்டி, ஒருநாள் மாலை நானும் என் அறைத்தோழியும் கோல்பார்க் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். அங்கே பழைய புத்தகக் கடைகள் வரிசையாக உண்டு. அவற்றின் ஓரத்தில் மூன்று இளைஞர்கள் ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டின் மெட்டைக் கேட்டதும் என் கால்கள் தாமாகவே நின்றன. தெரிந்த மெட்டு! கோவில்பட்டியில் நான் பள்ளியில் படித்த நாட்களில், கல்யாண வீடுகளின் ஒலிபெருக்கியில் எத்தனையோ முறை கேட்ட இந்திப் பாட்டு. சொற்கள் மட்டும் வங்காளமாக இருந்தன.

“இந்திப் பாட்டை ஏன் வங்காளத்தில் பாடுகிறார்கள்?” என்று கேட்டுவிட்டேன்.

என் தோழி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. திருக்குறளை யாரோ ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தது என்று ஒருவர் சொன்னால் நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: “இது அங்கிருந்து இங்கே வந்ததல்ல. இங்கிருந்து அங்கே போனது.”

நண்பர்களே, அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பாட்டின் பெயர் ‘பிருதிபீடா நாகி’. அதைத் தந்தது ‘மொஹீனேர் கோராகுலி’ என்னும் குழு. ‘மொஹீனின் குதிரைகள்’ என்பது பெயரின் பொருள். வங்காள மொழியின் முதல் ராக் இசைக்குழு என்று இந்த ஊரார் இதையே சொல்கிறார்கள். 2006இல் வெளிவந்த ‘கேங்ஸ்டர்’ என்னும் இந்திப் படத்தில் பிரீத்தம் இந்த மெட்டைக் கையாண்டார். வங்காள தேசத்து ராக் பாடகர் ஜேம்ஸ் பாடினார். அந்த ‘பீகி பீகி’ பாட்டுத்தான் கோவில்பட்டி வரை வந்து என் காதில் விழுந்தது. குதிரை எங்கே பிறந்தது என்று தெரியாமலே அதன் குளம்பொலியை நான் கேட்டிருக்கிறேன்!

அன்று இரவு எங்கள் விடுதியில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. கரியாஹாட் சந்து ஒன்றில், ஒரு பழைய வீட்டின் மாடியில், நாங்கள் ஆறு பெண்கள் தங்கிப் படிக்கிறோம். வீட்டுக்கார அம்மாளை ‘மாஷிமா’ என்றும், அவருடைய கணவரை ‘மேஷோமொஷாய்’ என்றும் அழைப்போம். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு அவர்களுடையது. சைவக்காரியாகிய எனக்கு உருளைக்கிழங்குப் பொரியல்.

வழக்கு இதுதான்: இந்தக் குழுவின் புகழ் வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா?

என் அறைத்தோழி, “வளர்ந்திருக்கிறது, சந்தேகமே இல்லை” என்றாள். எதிர் அறைப் பெண் ஒருத்தி ‘ஃபாசில்ஸ்’ குழுவின் பக்தை. 1998இல் தோன்றிய அந்தக் குழு ரூபம் இஸ்லாமின் குரலோடு இன்னும் மேடை ஏறிக்கொண்டிருக்கிறது, மைதானங்களை நிரப்புகிறது. அவள் கேட்டாள்: “மேடையில் இல்லாத குழுவுக்குப் புகழ் எங்கிருந்து வரும்? பழம் பெருமை வேறு, புகழ் வேறு. பாடியவர்கள் போய்விட்டார்கள். பாட்டும் நாளைக்குப் போய்விடும்.”

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தாவர இயல் முதுகலை மாணவி, அதிலும் வெளியூர்க்காரி, எனவே நடுநிலை வகிப்பேன் என்று நினைத்தார்கள் போலும்! “விஞ்ஞானம் படிக்கிறாயே, அளந்து சொல்” என்றார்கள்.

அளப்பதற்கு முன் வரலாறு தெரிய வேண்டும் அல்லவா? கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கௌதம் சட்டோபாத்யாய் என்பவர் பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர். நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். வெளியே வந்தபின் சில காலம் மத்தியப் பிரதேசத்தில் வேலை பார்த்தார். 1975 வாக்கில் ஊர் திரும்பி, தம்பியர், உறவினர், நண்பர் என எழுவரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். ஏழு பேர் என்பதால் முதலில் ‘சப்தரிஷி’ என்று பெயர். பிறகு சில காலம் ‘கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி. குழுவினர்’ என்றும் வைத்துக்கொண்டார்களாம். பட்டம் பெற்ற நம்மில் யாருக்கும் அதை இப்படிப் பயன்படுத்தத் தோன்றவில்லையே என்று எனக்கு வருத்தம்தான்!

இறுதியாக ரஞ்சன் கோஷால் சொன்ன பெயர் நிலைத்தது. அது ஜீவனானந்த தாஸ் ‘குதிரை’ என்ற தலைப்பில் எழுதிய கவிதையில் வரும் தொடர். 1948இல் வெளிவந்த அவருடைய தொகுப்பு ஒன்றில் அந்தக் கவிதை இருக்கிறது.

1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் வந்தன. ஒன்றின் பெயரே ‘அறியாத பறக்கும் பொருள்’! பாவுல் பாடகர்களின் நாட்டுப்புற மெட்டும், மேனாட்டுக் கிட்டாரும் வயலினும், நகரத்து இளைஞனின் ஏக்கமும் அவற்றில் கலந்திருந்தன. ரவீந்திர சங்கீதத்திலும் திரைப்பாட்டிலும் தோய்ந்திருந்த கல்கத்தாவின் காதுக்கு அது ஒவ்வவில்லை. தட்டுகள் விற்கவில்லை. 1981 அளவில் குழு கலைந்தது. அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள்.

எங்கள் மேஷோமொஷாய் அந்த நாளில் கல்லூரி மாணவர். “நீங்கள் அவர்கள் பாடக் கேட்டதுண்டா?” என்று கேட்டேன். சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேட்டேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்” என்றார். சிறிது நேரம் கழித்து, “இப்போது என் வயதுக்காரர் எல்லோரும் அன்று கடைசிவரை இருந்ததாகச் சொல்கிறார்கள். அத்தனை பேரும் இருந்திருந்தால் அந்த மண்டபம் கொண்டிருக்காது. எழுந்து வந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது” என்றார். அவருடைய நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

கதை அத்துடன் முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1995இல், கொல்கத்தாப் புத்தகக் கண்காட்சியின்போது, ‘மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்’ என்று பொருள்படும் பெயருடன் ஓர் ஒலிநாடா வெளிவந்தது. இப்பெயரும் ஜீவனானந்தரை நினைவூட்டுவதுதான். அதில் ஒரு புதுமை. கௌதம் தம்மைப் பாடகர் என்று முன்னிறுத்திக்கொள்ளவில்லை. பத்திரிகைக்கு ஆசிரியர் இருப்பதுபோல, அந்த ஒலிநாடாவைத் ‘தொகுத்தவர்’ ஆனார். தம் பாட்டுகளை இளையவர்களிடம் கொடுத்துப் பாடச் சொன்னார். இளையவர்களின் பாட்டுகளையும் சேர்த்துக்கொண்டார். அடுத்த மூன்று ஆண்டுகளில் இன்னும் மூன்று ஒலிநாடாக்கள் வந்தன. அதே காலத்தில்தான் வங்காளத்தில் புதிய குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. எல்லைக்கு அப்பால் வங்காள தேசத்திலும் பாட்டுகள் பரவின. 1999இல் கௌதம் மறைந்தார். 2020இல் ரஞ்சன் கோஷால் மறைந்தார். பாபி என்று எல்லோரும் அழைத்த தாபஸ் தாஸ் நோயுற்றபோது இளைய இசைக்குழுக்கள் நிதி திரட்ட முன்வந்தன. 2023 ஜூனில் அவரும் மறைந்தார்.

இப்போது அளவுகோலை எடுப்போம்.

மேடைக்கு முன் கூடும் கூட்டம்தான் அளவு என்றால், ஃபாசில்ஸ் பக்தை சொல்வதே சரி. இல்லாத குழுவுக்குக் கூட்டம் கூடாது. பெயர் தெரிந்தவர் தொகைதான் அளவு என்றால், என் அறைத்தோழி சொல்வதே சரி. 1977இல் இந்நகரத்திலேயே சிலருக்குத் தெரிந்த பெயர், இன்று வங்காளம் பேசும் மாணவரில் தெரியாதவரைத் தேட வேண்டிய பெயர். ஆனால் பாட்டைப் பாடுவோர் தொகைதான் அளவு என்றால் இருவர் சொல்வதும் போதாது. ஏனெனில் கோவில்பட்டிக் கல்யாண வீட்டில் அந்த மெட்டுக்கு ஆடியவர்களுக்குக் குழுவின் பெயரும் தெரியாது; அது வங்காளத்துப் பாட்டு என்பதும் தெரியாது.

வெளிநாட்டிலும் இப்படித்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1962இல் தொடங்கியது. 2023இலும் புதிய பாட்டுத் தொகுதி வெளியிட்டது. பீட்டில்ஸ் 1970இலேயே பிரிந்தது; நால்வரில் இருவர் உயிருடன் இல்லை. ஆயினும் 2023 நவம்பரில் அவர்களுடைய பாட்டு ஒன்று பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ஒன்று நிற்காமல் ஓடியது. ஒன்று நின்ற பிறகும் ஓடுகிறது. எதன் புகழ் பெரிது?

இங்கே என் பாடத்தை நினைத்துக்கொண்டேன். என்னுடைய செய்முறை ஆய்வு விதைகளின் உறக்கம் பற்றியது. ஈர மண்ணில் நூறு விதைகளை வைக்கிறோம். முப்பது முளைக்கின்றன. மற்ற எழுபதும் செத்த விதைகள் என்று எழுதிவிடலாமா? கூடாது. அவற்றை நறுக்கி டெட்ரசோலியம் என்னும் உப்புக் கரைசலில் ஊற வைக்க வேண்டும். நிறமற்ற கரைசல், ஆனால் உயிருள்ள கரு அதில் பட்டால் சிவந்துவிடும். உயிர் மூச்சு நடத்தும் நொதிகள் அந்த உப்பைச் சிவப்பு நிறப் பொருளாக மாற்றுவதே காரணம். முளைக்காத விதைகளிலும் சில சிவக்கும். அவை உறங்குகின்றன, அவ்வளவே. யூதேயா நாட்டில் மசாடாக் கோட்டையின் இடிபாடுகளில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு வயதுள்ள பேரீச்ச விதை ஒன்று 2005இல் முளைத்தது. எங்கள் இயலின் தந்தையருள் ஒருவரான மெண்டலின் கதையும் இதுவே. 1866இல் அச்சான பட்டாணிச் செடி ஆய்வை அன்று பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1884இல் அவர் இறந்தார். 1900இல்தான் உலகம் அதைக் கண்டெடுத்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உறங்கும் விதை எல்லாம் விழித்துவிடும் என்று நினைப்பது விஞ்ஞானம் ஆகாது. பெரும்பாலானவை மண்ணிலேயே மக்கிப் போகின்றன. விழித்தவற்றின் கதையை மட்டும் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மக்கியவற்றுக்குக் கதை இல்லை.

இதை எழுதும்போது என் மனம் உறுத்துகிறது. அந்த உறுத்தலைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மை ஆகாது.

என் தந்தையார் தீப்பெட்டி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். இங்கே வந்த நாள் முதல் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லி வந்தேன். நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். எங்கள் வட்டாரத்துக் கோயில் கொடைகளிலும் கல்யாணங்களிலும் அந்தக் குழு பாடியது. பிறகு ஒலிபெருக்கிக்காரர்களே குறுந்தகட்டைப் போட்டுவிட்டுப் போகும் காலம் வந்தது. எட்டுப் பேருக்குக் கூலி கொடுத்துக் கச்சேரி வைப்பவர் குறைந்தனர். நான் சிறுமியாக இருந்தபோதே குழு கலைந்துவிட்டது.

ஒருமுறை அவர் தாமே மெட்டமைத்த பாட்டு ஒன்றை, கரிசல் காட்டில் மழைக்குக் காத்திருக்கும் பாட்டை, ஒரு கொடை விழாவில் பாடியிருக்கிறார்கள். பாதியில் மேடைக்கு ஒரு சீட்டு வந்ததாம்: ‘சினிமாப் பாட்டுப் பாடவும்.’ அதோடு அந்தப் பாட்டு நின்றது. பிறகு மேடை ஏறவே இல்லை. இதை அப்பா ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார். நானும் சிரிப்பேன்.

ஆறாம் வகுப்பில் நான் படித்தபோது, பள்ளி ஆண்டு விழாவில் அவர் கிட்டார் வாசித்தார். மறுநாள் வகுப்பில் சில பெண்கள் அவரைப்போலத் தலையை ஆட்டிக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து, “அப்பா, இனிமே எங்க பள்ளிக்கூடத்துக்குக் கிட்டாரைத் தூக்கிக்கிட்டு வராதீங்க” என்றேன். “சரி தாயி” என்றார். வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் கொல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது அந்தக் கிட்டாரும் சுவரில் இல்லை. எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கல்லூரிக்குக் கட்டிய பணத்தை நான்தான் எண்ணிக் கட்டினேன்.

அன்றிரவு மேசையில் மேஷோமொஷாய், “பாதியில் எழுந்து வந்தவன் நான்” என்று சொன்னாரே, அப்போது என் கையிலிருந்த சோறு கையிலேயே இருந்தது. நானும் எழுந்து வந்தவள்தான். அவர் அதை ஒப்புக்கொண்டார், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் வாங்க லேக் மார்க்கெட்டுக்குப் போனேன். தமிழர்க்கு இந்நகரில் தாய்வீடு போன்ற இடம் அது. கரியாஹாட்டிலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியே நடந்தால் நடுவில் தேசப்பிரிய பூங்கா வரும். 1954 அக்டோபர் 14ஆம் நாள் ஜீவனானந்த தாஸ் டிராம் வண்டியில் அடிபட்டது அந்தப் பக்கத்தில்தான். எட்டு நாட்களுக்குப் பின் இறந்தார். எழுதி வெளியிடாமல் பெட்டிகளில் போட்டு வைத்திருந்த அவருடைய கதைகளும் கவிதைகளும் பின்னர்தான் அச்சேறின. இன்று தாகூருக்குப் பின் வந்த பெருங்கவிஞர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சாலையைக் கடக்கும்போது, பெட்டியில் கிடந்தவற்றை யாரோ ஒருவர் எடுத்துப் பார்த்தாரே, அவரைப் பற்றித்தான் நினைத்தேன். எடுத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

திரும்பி வரும்போது, கரியாஹாட் சந்தியை அடைந்ததும் அப்பாவைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“அப்பா, நீங்க மெட்டுப் போட்ட அந்த மழைப் பாட்டு ஞாபகம் இருக்கா?”

“எந்தப் பாட்டு தாயி?”

“சீட்டு வந்துச்சே, அந்தப் பாட்டு.”

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். “அதெல்லாம் இப்ப எதுக்கு? நீ எங்க நிக்கிற, ஒரே சத்தமா இருக்கு?”

சந்துக்குள் ஓடி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். “இப்பச் சத்தம் இல்ல. பாடுங்கப்பா” என்றேன். தயங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பாடினார். பல்லவி வந்தது, முதல் சரணம் வந்தது. இரண்டாம் சரணத்தில் நின்றுவிட்டார். “மறந்து போச்சு தாயி” என்றார்.

அப்போது தூரத்திலிருந்து, அடுக்களைப் பக்கமிருந்து, அம்மாவின் குரல் அந்த அடியை எடுத்துக் கொடுத்தது. பாத்திரம் கழுவும் ஓசையோடு, மெட்டுப் பிசகாமல்.

அப்பா பாட்டை நிறுத்திவிட்டார். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று அம்மாவைக் கேட்டார். “தெரியும்” என்றார் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

அந்தப் பாட்டுக்குக் கேட்போர் யாருமில்லை என்று இருபத்தைந்து ஆண்டுகளாக அப்பா நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன். இருந்திருக்கிறார், ஒருவர்.

நண்பர்களே, என் தந்தையின் பாட்டு மொஹீனின் குதிரைகளைப்போல நாடு சுற்றப் போவதில்லை. அதற்கு ஒரு கௌதம் வேண்டும், ஒலிநாடா வேண்டும், பாட வரும் இளையோர் வேண்டும். அது நல்ல பாட்டா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகள் நடுவராக இருக்கத் தகுதியற்றவள். ஆனால் ஒன்று தெரிகிறது. முளைத்தவற்றை மட்டும் எண்ணிக்கொண்டு, உயிருள்ளவற்றை எண்ணிவிட்டதாக நினைத்தேன். விதைகளைப் பற்றி அந்தத் தவற்றைச் செய்தால் என் பேராசிரியர் திருத்துவார். மனிதரைப் பற்றிச் செய்தபோது திருத்த யாருமில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் என் தீர்ப்பைக் கேட்டார்கள். சொன்னேன்: “மேடையில் இருக்கும் குழுவின் புகழ் அந்தக் குழுவின் கையில் இருக்கிறது. மேடையை விட்டுப்போன குழுவின் புகழ் நம் கையில் இருக்கிறது. கௌதம் தம் பாட்டைப் பிறருக்குக் கொடுத்தார், பிறர் வாங்கிக்கொண்டார்கள், அதனால் வளர்ந்தது. வாங்கிக்கொள்வோர் நின்றுவிட்டால் தேயும்.” ஃபாசில்ஸ் பக்தை, “இது தீர்ப்பே அல்ல, நழுவல்” என்றாள். இருக்கலாம்.

பிறகு, “என் அப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர்” என்றேன். “இரண்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை?” என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். அதற்கு என்னிடம் விடை இல்லாததால், மழைப் பாட்டின் பல்லவியைப் பாடிக் காட்டினேன். பொருள் விளங்காவிட்டாலும் மேஷோமொஷாய் நாற்காலிக் கையில் தாளம் போட்டார். கடைசிவரை எழுந்து போகவில்லை.